பூஜ்யத்தில் விழும் முள்

ஸ்டோன் ஸ்லூ, சஸ்காட்சுவான்
செப்டம்பர் 6, 1972

அன்புள்ள வாசில்,

உறையின் மேல் என் பெயரைப் பார்த்த பிறகும் இதை அடுப்பில் போடாமல் பிரித்தாய் என்றால் அதற்கே உனக்கு ஒரு கும்பிடு. ஆறு வருடம் ஆகிவிட்டது. இங்கே நானும் வீட்டுக்காரி சோல்வெய்கும் நன்றாக இருக்கிறோம். கோதுமை அறுப்பு பாதி முடிந்துவிட்டது, மழை மட்டும் பொறுத்துக்கொண்டால் போதும். உன் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக சர்ச் நோட்டீசில் போட்டிருந்தார்கள். பார்த்து எனக்கு நிஜமாகவே சந்தோஷம்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். உன் பழைய பஸ், நம் மஞ்சள் மாடு, இன்னும் என்னிடம்தான் ஓடுகிறது. வயது பதினாறு. காலையும் மாலையும் இருபத்து மூன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள். போன வாரம் அதில் ஒரு டாக்கோமீட்டர் மாட்டினேன். இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டுமே, அதேதான். தபாலில் வரவழைத்தேன். காயிலுக்கு ஒரு வயர், சாவிக்கு ஒன்று, எர்த் ஒன்று, விளக்குக்கு ஒன்று. எல்லாம் படத்தில் போட்டிருந்தபடியே கொடுத்தேன். ஆனால் கணக்கு உதைக்கிறது. பஸ் சும்மா நிற்கும்போது தொள்ளாயிரம் காட்டுகிறது. நெடுஞ்சாலையில் நாற்பது மைல் வேகத்தில் மூவாயிரத்து அறுநூறு! அந்த இன்ஜினின் குடலை எடுத்துப் பார்த்தவன் நீ ஒருவன்தான். என்ன கோளாறாக இருக்கும்?

ஃபோன் போடலாமே என்று கேட்பாய். இங்கே இன்னும் ஆறு வீட்டுக்கு ஒரே லைன்தான். நான் வாயைத் திறக்கும் முன்னே மிசஸ் ஃப்ரீசன் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். எழுதுவதே நல்லது.

உன் பழைய நண்பன்,
ஹால்வர்


வெர்னன், பிரிட்டிஷ் கொலம்பியா
செப்டம்பர் 12, 1972

என்னடா ஹால்வர்,

அடுப்பில் போடத்தான் நினைத்தேன். என் தங்கை பிடுங்கிப் படித்துவிட்டு, "ஆறு வருஷம் கழிச்சு ஒருத்தன் மீட்டருக்கு வைத்தியம் கேட்டு எழுதுறான், இதைவிடத் தமாஷ் உனக்கு எங்க கிடைக்கும்?" என்றாள். அதுவும் சரிதான்.

மீட்டரின் முதுகைத் திருப்பிப் பார். ஒரு குட்டி சுவிட்சு இருக்கும், பக்கத்தில் 4, 6, 8 என்று எழுதியிருக்கும். எத்தனை சிலிண்டர் இன்ஜின் என்று அதற்கு நாம்தான் சொல்ல வேண்டும். கடையிலிருந்து வரும்போது நாலில் இருக்கும், அதைத் தொடாமலே மாட்டியிருப்பாய். மாட்டுக்கு ஆறு சிலிண்டர். அதனால்தான் ஒன்றுக்கு ஒன்றரையாகக் காட்டுகிறது. தொள்ளாயிரம் என்றால் நிஜத்தில் அறுநூறு. நான் வைத்துவிட்டு வந்த அதே அறுநூறு.

அது போகட்டும். உனக்கு எதற்கடா டாக்கோமீட்டர்? டேஷ்போர்டு மேலே துணியைப் போர்த்திவிட்டு கண்ணை மூடிக்கொண்டு கியர் மாற்றிக் காட்டியவன் நீ. "மீட்டர் பாத்து ஓட்டுறவன் டிரைவரா, குமாஸ்தாவா?" என்று என்னைக் கிண்டலடித்தவன். மூவாயிரத்து அறுநூறில் அந்த இன்ஜின் ஓடினால் சுடுகாடு வரைக்கும் கேட்கும். முள் பொய் சொல்கிறது என்று உன் காது உனக்குச் சொல்லவில்லையா? ஆறுக்கு மாற்றிவிட்டு, இன்ஜின் எப்படிச் சத்தம் போடுகிறது என்று எழுது.

என் கண் இப்போது நன்றாகத் தெரிகிறது. சோடாப்புட்டிக் கண்ணாடிதான், ஆனால் ஊசி கோக்கிறேன். பள்ளி நிர்வாகக் குழுவுக்கு என் கண்ணைப் பற்றிப் பெயர் போடாமல் கடிதம் எழுதிய புண்ணியவானை எங்கேயாவது பார்த்தால் சொல்லு. பஸ்ஸும் போய், ரூட்டும் போய் நான் ஊரை விட்டுக் கிளம்பினபோது வழியனுப்ப வராதவர்களில் நீயும் ஒருவன். அதையும் மறக்கவில்லை.

வாசில்


ஸ்டோன் ஸ்லூ
செப்டம்பர் 19, 1972

அன்புள்ள வாசில்,

நீ சொன்ன இடத்திலேயே சுவிட்சு இருந்தது. நாலில்தான் இருந்தது. வெட்கமாகப் போயிற்று. முப்பது வருடம் வண்டியின் அடியில் கிடந்தவன், ஒரு பொருளின் முதுகைத் திருப்பிப் பார்க்காமல் மாட்டியிருக்கிறேன். சோல்வெய்க் சிரித்துத் தீர்த்தாள்.

ஆறுக்கு மாற்றினேன். இப்போது வேறு வம்பு. பஸ் நிற்கும்போது நானூறுதான் காட்டுகிறது. அதுவும் நிலையாக இல்லை, குளிர் ஜுரம் வந்தவன் மாதிரி முள் நடுங்குகிறது. ஓடும்போது பரவாயில்லை. மலிவுப் பொருளை வாங்கி ஏமாந்துவிட்டேனா என்று சந்தேகம்.

எதற்கு மீட்டர் என்று கேட்டாய். இப்போதெல்லாம் எல்லோரும் மாட்டுகிறார்கள். இன்ஜினுக்கும் வயதாகிவிட்டது, அதிகம் முறுக்காமல் ஓட்டலாமே என்றுதான். வேறொன்றும் இல்லை.

அந்த மொட்டைக் கடிதம் பழைய கதை. அதை விட்டுவிடு, வாசில். வழியனுப்ப வராதது என் தப்பு. அன்றைக்கு வேலை இருந்தது என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் இருக்கவில்லை.

ஹால்வர்


வெர்னன்
செப்டம்பர் 27, 1972

ஹால்வர்,

முள் நடுங்கினால் முதலில் எர்த்தைப் பார். டேஷ்போர்டு பெயின்டின் மேலேயே எர்த் வயரை முடுக்கியிருப்பாய். பெயின்டைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிகிற இடத்தில் முடுக்கு. அடுத்தது பாயிண்ட். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பாயிண்ட் தேய்ந்து கருகியிருக்கிறதா பார். மூன்றாவது, காயில் வயர் இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவிலுள்ள தகரத்தைத் தாண்டும் ஓட்டையில் ரப்பர் வளையம் போட்டாயா? இல்லையென்றால் தகரம் வயரை அறுத்துவிடும்.

ஆனால் நானூறு எனக்கு இடிக்கிறது. நான் வைத்தது அறுநூறு. எர்த் கோளாறில் முள் நடுங்கும், இருநூறு குறையாது. அதனால்தான் போன கடிதத்தில் சத்தத்தைக் கேட்டேன். நீ அதை விழுங்கிவிட்டாய். மறுபடி கேட்கிறேன்: நிற்கும்போது இன்ஜின் ஒழுங்காக முனகுகிறதா, இல்லை இருமி இருமி ஓடுகிறதா? இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது, மீதியை இங்கிருந்தே சொல்கிறேன்.

சனிக்கிழமை பொறுமை இல்லாமல் உனக்கு ஃபோன் போட்டேன். நீதான் எடுத்தாய். "ஹலோ! யாரு? லைன் சரியில்ல! சத்தமாப் பேசு!" என்று நாலு தடவை கத்திவிட்டு வைத்துவிட்டாய். லைன் சுத்தமாக இருந்ததடா. உன் சமையலறையில் சோல்வெய்க் கரண்டியைக் கீழே போட்டதுகூட எனக்குக் கேட்டது. மிசஸ் ஃப்ரீசன் மூச்சு விடுவதும் கேட்டது.

ஆப்பிள் பறிப்பு மும்முரம். தோட்டத்து டிராக்டர் நாலையும் பழுது பார்ப்பது நான்தான். இங்கே எல்லோரும் என்னை மதிக்கிறார்கள், ஒருவனும் மொட்டைக் கடிதம் எழுதவில்லை.

வாசில்


ஸ்டோன் ஸ்லூ
அக்டோபர் 5, 1972

அன்புள்ள வாசில்,

நீ சொன்னது போலவே எர்த் பெயின்டின் மேல்தான் இருந்தது. சுரண்டி முடுக்கினேன். பாயிண்ட் புதிது போட்டேன். ரப்பர் வளையமும் போட்டாயிற்று. நடுக்கம் பாதி குறைந்தது.

ஆனால் ஒரு புதுக் கூத்து. பஸ் நின்றுகொண்டிருக்கும்போது முள் திடீரென்று பூஜ்யத்தில் விழுந்துவிடுகிறது. போன வாரம் மட்டும் ஐந்து தடவை. சாவியை அணைத்து மறுபடி செல்ஃப் அடித்தால் எழுந்துகொள்கிறது. சாவிக்குப் பின்னால் எங்கோ வயர் லூஸ் என்று நினைக்கிறேன். டேஷ்போர்டைக் கழற்றி மூன்று நாள் தேடினேன், கிடைக்கவில்லை. இந்த மீட்டரோடு மல்லுக்கட்டி எனக்கு அலுத்துவிட்டது.

சத்தம் எப்போதும் போலத்தான் இருக்கிறது. நன்றாக ஓடுகிறது. உனக்கு முதல் கடிதம் போட்ட கையோடு, தொள்ளாயிரம் காட்டுகிறதே என்று கார்புரேட்டர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் இறக்கி முள்ளை அறுநூறுக்குக் கொண்டுவந்தேன். மற்றபடி இன்ஜினில் நான் கை வைக்கவே இல்லை.

அன்றைக்கு ஃபோனில் நீ என்று தெரியாமல் போயிற்று. லைன் உன் பக்கம் நன்றாக இருந்திருக்கலாம். என் பக்கம் இல்லை.

ஹால்வர்


வெர்னன்
அக்டோபர் 11, 1972

ஹால்வர்,

உன் கடிதங்கள் மூன்றையும் மேஜையில் வரிசையாக வைத்துப் படித்தேன். தங்கை வந்து, "என்ன, காதல் கடுதாசியா?" என்றாள். சிரிப்பு வரவில்லை.

செல்ஃப் அடித்தால் எழுந்துகொள்வது முள் இல்லையடா. இன்ஜின். முள் பூஜ்யத்தில் விழுந்த ஐந்து தடவையும் உன் இன்ஜின் நின்றுபோயிருக்கிறது. நீ உள்ளேயே உட்கார்ந்திருந்தாய், உனக்குத் தெரியவில்லை. மூன்று நாள் டேஷ்போர்டைக் கழற்றித் தேடியிருக்கிறாய். ஒரு நிமிஷம் காதைக் கொடுத்திருந்தால் போதும். உன்னால் கொடுக்க முடியவில்லை.

சத்தம் எப்போதும் போல என்று எழுதினாய். பொய். நானூறில் அந்த இன்ஜின் எப்போதும் போல ஓடாது. க்ஷயரோகி மாதிரி இருமும். பக்கத்து வயலில் உழுகிறவன்கூடத் திரும்பிப் பார்ப்பான். மூவாயிரத்து அறுநூறு இல்லை என்று உன் காது சொல்லவில்லை. ஃபோனில் என் குரல் தெரியவில்லை. எனக்கு நீ எழுதியதெல்லாம் கண்ணால் பார்த்ததும் கையால் தொட்டதும்தான். காதால் கேட்டது ஒரு வரி கிடையாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய், ஹால்வர். உனக்குக் காது போய்விட்டது. கியரை எப்போது மாற்றுவது என்று தெரியாமல்தான் மீட்டர் மாட்டினாய்.

எத்தனை நாளாக என்று நான் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். தானியக் கிடங்கு எலிவேட்டர் பக்கத்து ரயில் கிராஸிங்கில் என்ன செய்கிறாய்? பஸ்ஸை நிறுத்திக் கதவைத் திறந்து கையைத் தூக்குவாயே, பிள்ளைகள் எல்லோரும் கப்சிப் என்று ஆவார்களே. அதன் பிறகு எதைக் கேட்கிறாய்?

தாளைத் திருப்பு.

இன்ஜின் நிற்பதற்குக் காரணம் நீதான். மீட்டர் ஒன்றரையாகக் காட்டிய நாளில் அதை நம்பி ஸ்க்ரூவை இறக்கினாய். சுவிட்சை மாற்றினாய், ஸ்க்ரூவைத் திரும்ப ஏற்றவில்லை. முக்கால் சுற்று ஏற்று, அறுநூறுக்கு வரும், அப்புறம் நிற்காது. அதற்கு முன்னால் பஸ்ஸை விட்டு இறங்கு. நாளைக்கே.

வாசில்


ஸ்டோன் ஸ்லூ
அக்டோபர் 17, 1972

வாசில்,

உன் கடிதம் நேற்று வந்தது. முதல் பக்கம் படித்தேன். இரண்டாம் பக்கத்தைத் திருப்பவில்லை. "இவன் யாரு எனக்கு டாக்டர்?" என்று கத்தினேன், சோல்வெய்க் உள்ளேயிருந்து ஓடி வந்தாள். மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்தேன். இன்று காலை அதே சட்டையோடு பஸ்ஸை எடுத்தேன்.

எல்லாவற்றையும் எழுதுகிறேன். சோல்வெய்கிடம்கூட இன்னும் இவ்வளவு சொல்லவில்லை.

இரண்டு வருடமாகக் கேட்கவில்லை. முதலில் பறவை போயிற்று, அப்புறம் பிரசங்கம், அப்புறம் சோல்வெய்கின் குரல். கிராஸிங்கில் நான் என்ன செய்கிறேன் என்று கேட்டாய். நிறுத்துகிறேன். கதவைத் திறக்கிறேன். கையைத் தூக்குகிறேன். மனதுக்குள் பத்து எண்ணுகிறேன். கையை இறக்கிக் கிளம்புகிறேன். நாடகம்தான். வேறு எதுவும் இல்லை. வழக்கமாக இரண்டு பக்கமும் ஒரு மைலுக்குத் தெரியும், கண்ணே போதும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இன்று தெரியவில்லை. அறுப்புக் காலம், எலிவேட்டர் பக்கத்துத் தண்டவாளத்தில் தானிய வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். கிழக்குப் பக்கம் முழுக்க மறைப்பு. அந்த மாதிரி நாளுக்குத்தானே கதவைத் திறந்து ரயில் சத்தத்துக்குக் காது கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். நிறுத்தினேன், திறந்தேன், கையைத் தூக்கினேன், பத்து எண்ணினேன், மூடினேன். முதல் கியர் போட்டுக் கிளட்ச்சை விட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். பஸ் நகரவில்லை. மீட்டரைப் பார்த்தேன், முள் பூஜ்யம். "சனியனே, மறுபடியுமா?" என்று அதன் கண்ணாடியில் விரலால் தட்டினேன். வாசில், உன் கடிதம் என் நெஞ்சுக்கு மேலே பையில் இருக்கிறது, நான் மீட்டரைத் தட்டுகிறேன். செல்ஃப் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனேன்.

அப்போது சரக்கு ரயில் வந்தது. தானிய வண்டிகளின் பின்னாலிருந்து, என் மூக்குக்கு நேராக. பஸ்ஸே நடுங்கியது. எனக்கு அந்த நடுக்கம் மட்டும்தான் வந்தது. செவிடன் காதில் ஊதின சங்கு என்பார்கள். எனக்கு ரயிலே ஊதியது, கேட்கவில்லை.

எண்பது பெட்டியோ தொண்ணூறோ. கடைசிப் பெட்டி போனதும் திரும்பிப் பார்த்தேன். பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள், சிலர் அழுதுகொண்டிருந்தார்கள். எத்தனை நேரமாகக் கத்தினார்களோ. முன் சீட்டில் யோஹான்னா, பதினாலு வயதுப் பெண், என்னிடம் வந்தாள். நோட்டுப் புத்தகத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினாள்: "இன்ஜின் நின்னுபோச்சு மிஸ்டர் மோயன். அப்பவே நின்னுபோச்சு."

எழுதிக் காட்டினாள், வாசில். அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை நாளாகத் தெரியுமோ. நான் கையைத் தூக்கும்போதெல்லாம் எனக்காக அவர்கள் காது கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். இருபத்து மூன்று பேர் முன்னால் இரண்டு வருடம் துணியில்லாமல் நின்றதுபோல் இருந்தது எனக்கு.

அவளைப் பக்கத்தில் நிற்க வைத்து, அவள் கையைக் காட்டிய பிறகுதான் கிராஸிங்கைத் தாண்டினேன். பள்ளிக்கூடத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டு உன் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். ஸ்க்ரூவை முக்கால் சுற்று ஏற்று, அப்புறம் நிற்காது என்று எழுதியிருந்தாய். நேற்றிரவே நான் திருப்பியிருந்தால் ஏற்றியிருப்பேன். உன் யோசனையில் பாதியை, எனக்குச் சௌகரியமான பாதியை மட்டும் கேட்டிருப்பேன். இன்ஜின் நின்றிருக்காது. தண்டவாளத்தின் நடுவில் இருந்திருப்போம். என் திமிர்தான் அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றியது. இதை யாரிடம் பெருமையாகச் சொல்ல?

ஹெட்மாஸ்டரிடம் பஸ் பழுது என்று சொன்னேன். இன்றைக்கும் பொய். வேறு பஸ் வந்து பிள்ளைகளை வீட்டில் விட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. இதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டால் நான் மனிதனே இல்லை. குழுவுக்கு உன்னைப் பற்றி அந்த மொட்டைக் கடிதம் எழுதியது நான். பிள்ளைகளுக்காக எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, உன் ரூட் எனக்கு வேண்டியிருந்தது. கண் மங்கிய நீ, இல்லாத பிள்ளைக்காக பஸ்ஸை நிறுத்தினாய். காது போன நான், வந்துகொண்டிருந்த ரயிலுக்கு நிறுத்தவில்லை. உன்னைத்தான் இறக்கினேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. தெரியப்படுத்துகிறேன், அவ்வளவுதான்.

ஹால்வர்


வெர்னன்
அக்டோபர் 23, 1972

ஹால்வர்,

எனக்குத் தெரியும்.

ஆறு வருடமாகத் தெரியும். குழு அந்தக் கடிதத்தை என் முன்னால் படித்தது. பனிக்காலச் சாயங்காலம், லுண்ட்க்விஸ்ட் வீட்டுத் தபால் பெட்டியைப் பிள்ளை என்று நினைத்து நான் பஸ்ஸை நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டுக் காத்திருந்தேன் என்று அதில் இருந்தது. பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்டுத் திரும்பும்போது நடந்தது அது. பஸ்ஸில் என்னைத் தவிர ஒரே ஒருவன்தான் இருந்தான். பெட்ரோல் பங்கில் ஏறிக்கொண்டு, வழியெல்லாம் என் சிகரெட்டைக் குடித்துக்கொண்டு வந்தவன். அன்றைக்கு என்னோடு சேர்ந்து விழுந்து விழுந்து சிரித்தவன். "ஏறச் சொல்லுடா, பாவம், குளிருல நிக்குது" என்றாயே, ஞாபகம் இருக்கிறதா?

உன் முதல் கடிதம் வந்ததிலிருந்து, இப்போதாவது சொல்வானா பார்க்கலாம் என்று ஒவ்வொரு தடவையும் மொட்டைக் கடிதப் பேச்சைக் கிளறினேன். நீ பழைய கதை என்றாய். அப்போது உன்னை வெறுத்தேன். வெறுத்துக்கொண்டே உனக்கு எர்த் வயரைப் பற்றி எழுதினேன். ஏனென்றால் அந்த பஸ்ஸில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கேட்டுக்கொள், இல்லை, படித்துக்கொள். நீ எழுதினது சரி. என் கண் அன்றைக்கு உதவாது. எனக்கும் தெரியும், நானும் உன்னைப் போலவே மறைத்தேன், ரோட்டோரக் கம்பங்களை மனப்பாடம் செய்து ஓட்டினேன். யாராவது சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. ஆனால் நீ ஒளிந்துகொண்டு சொன்னாய். கீழே பெயர் போட்டிருந்தால் அன்றைக்கே வந்து உன் மூக்கை உடைத்திருப்பேன், ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து காப்பி குடித்திருப்போம். பெயர் இல்லாததால் யாரை அடிப்பது என்று தெரியாத மாதிரி நடித்து ஊரை விட்டே வந்தேன். ஊரில் எல்லோர் முகத்தையும் பார்த்து, இவனோ அவளோ என்று சந்தேகப்படுகிற வசதிகூட எனக்குக் கிடைக்கவில்லை. உன் முகத்தை மட்டும் பார்க்க முடியவில்லை.

உன் பஸ் இப்போது பழுதும் இல்லை, ஒன்றும் இல்லை. உனக்குக் கடிதம் எழுதத் தெரியும். யாருக்கு எழுத வேண்டும் என்றும் தெரியும். எழுது.

எழுதினாயா என்று தெரியாமல் உனக்கு இனி ஒரு வரி எழுத மாட்டேன்.

வாசில்


ஸ்டோன் ஸ்லூ
நவம்பர் 3, 1972

அன்புள்ள வாசில்,

எழுதினேன். நேற்று பள்ளிக்கூட ஹாலில் குழு கூடியது. கடிதத்தை அனுப்பிவிட்டு வீட்டில் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மறுபடியும் ஒளிகிறோமே என்று உறைத்தது. நானே போய் நின்று வாசித்தேன். இரண்டு வருடம், ஐந்து தடவை முள் விழுந்தது, தானிய வண்டிகள், ரயில், ஹெட்மாஸ்டரிடம் சொன்ன பொய், எல்லாம். எவ்வளவு சத்தமாக வாசித்தேன் என்று எனக்குத் தெரியாது. கடைசி வரிசையில் இருந்தவர்கள் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள்.

அவர்கள் கேட்ட கேள்விகளை சோல்வெய்க் தாளில் எழுதிக் காட்டினாள். யோஹான்னாவின் அப்பா எழுந்து ஏதோ சொன்னார், முகம் சிவந்திருந்தது. சோல்வெய்க் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "எழுதும்மா, எனக்குத் தெரியணும்" என்றேன். எழுதினாள்: "உன்னை நம்பித்தானே ஏத்திவிட்டோம்." அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பஸ்ஸைக் குழுவிடமே விட்டுவிட்டேன். வரும் திங்கட்கிழமையிலிருந்து யார் ஓட்டப்போகிறார்கள் தெரியுமா? மிசஸ் ஃப்ரீசன்! சிரிக்காதே. பதினெட்டு வருடம் தானிய லாரி ஓட்டியவள். ஊரிலேயே அவளைப் போல் காது கூர்மையானவர் யாரும் இல்லை என்பதற்கு நாங்கள் ஆறு வீட்டுக்காரர்களும் சாட்சி. ஸ்க்ரூவை முக்கால் சுற்று ஏற்றிக் கொடுத்தேன். முள் அறுநூறில் அசையாமல் நிற்கிறது. இன்ஜின் பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், இருமல் இல்லை. மீட்டரைக் கழற்றட்டுமா என்று அவளிடம் கேட்டேன். "இருக்கட்டும், அது உன்னை மாதிரி இல்ல, உண்மையைச் சொல்லுது" என்று எழுதிக் காட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

கூட்டம் முடிந்து எல்லோரும் கோட்டை மாட்டும்போது நான் செயலாளரிடம் போய், அறுபத்தாறாம் வருடத்து ஃபைலை எடுக்கச் சொன்னேன். அவர் தயங்கினார். உன் பெயரைச் சொன்னேன். எடுத்து வந்தார். அந்தக் கடிதம் இன்னும் இருந்தது, வாசில். அரைப் பக்கம்தான். கடைசி வரி, "பிள்ளைகளின் நலம் விரும்பும் ஒருவன்."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செயலாளரின் பேனாவை வாங்கி அந்த வரியை அடித்துவிட்டு, கீழே எழுதினேன். அன்றைய தேதியையும் போட்டேன். ஆறு வருடம் தாமதமாக வந்தது என்று அவர்கள் கண்ணுக்கும் தெரியட்டும்.

நீ பதில் எழுதுவாயோ மாட்டாயோ, எனக்குத் தெரியாது. கேட்கிற உரிமையும் எனக்கு இல்லை. ஃபோன் மட்டும் போடாதே. மிசஸ் ஃப்ரீசன் எடுத்துக் கேட்டு எனக்கு எழுதிக் காட்ட வேண்டியிருக்கும்.

அந்தக் கடிதத்தின் கீழே எழுதியதையே இங்கேயும் எழுதுகிறேன்.

ஹால்வர் மோயன்